தோற்றவர் கையில் என்ன மிஞ்சியது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் நட்சத்திரம் ஜான் சீனாவின் கடைசி ஆட்டத்தில் குந்தர் வென்றதுதான் முறை என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் கோபக் கடிதங்கள். ஆகவே இந்த இதழில் பகுதி முழுவதையும் மல்யுத்த மேடைக்கே ஒதுக்கியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சொல் மட்டும் சொல்லிவிடுகிறேன். யாரோடு யார் மோதுவது, யார் வெல்வது, எப்படி வெல்வது என்பதை மேடைக்குப் பின்னால் முன்கூட்டியே தீர்மானிக்கும் வேலைக்கு இந்தத் தொழிலில் ‘புக்கிங்’ என்று பெயர்.

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்று இருபது ஆண்டுகளாகச் சட்டையில் அச்சடித்து விற்ற மனிதரை, கடைசி நாளில் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இதை முறை என்று எழுத உங்களுக்கு மனம் எப்படி வந்தது?

உங்கள் வருத்தம் எனக்கும் இருந்தது. 2025 டிசம்பர் 13 சனிக்கிழமை இரவு வாஷிங்டனில் நடந்த அந்த ஆட்டம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. உங்கள் ஊர் மீன் சந்தையில்தான், ஒரு கையில் வஞ்சிரப் பையும் மறு கையில் கைப்பேசியுமாக, ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குந்தர் பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றி இறுக்குகிறார், சீனா மீண்டும் மீண்டும் திமிறி எழப் பார்க்கிறார், முடியவில்லை. அப்போது அவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை வந்து போயிற்று, கவனித்தீர்களா? அதற்குப் பிறகுதான் கை தட்டியது. அந்தப் புன்னகை இல்லாமல் தட்டியிருந்தால் நானும் உங்கள் கட்சியில் சேர்ந்திருப்பேன். நெடுங்காலம் ஒரு கடையை நடத்தியவர், கல்லாவை எண்ணி முடித்துவிட்டுச் சாவியை அடுத்தவரிடம் நீட்டும்போது முகத்தில் வருமே, அந்த நிம்மதியை நான் அதில் கண்டேன்.

இந்தத் தொழிலில், விட்டுப் போகிறவர் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எழுதப்படாத பழைய வழக்கம். வென்றுவிட்டுப் போனால் அந்த வெற்றி அவரோடு வீட்டுக்குப் போய்விடும், மறுவாரம் மேடையில் நிற்பவர்களுக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. ஆகவே முடிவில் எனக்குக் குறை இல்லை. குறையெல்லாம் அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில்தான் இருக்கிறது. மார்ச் 1 அன்று டொராண்டோவில் சீனாவைக் கெட்டவராக மாற்றினார்கள். அதற்குக் காரணமாக நின்ற, பழைய மல்யுத்தக்காரரும் ஹாலிவுட் நடிகருமான ராக் அதன்பின் அந்தக் கதையின் பக்கமே தலைகாட்டவில்லை. ஏப்ரலில் லாஸ் வேகாஸில், பழைய வீரர் ரிக் ஃப்ளேரின் பதினாறு உலகப் பட்டங்களைத் தாண்டிப் பதினேழாவது பட்டம் பெறும் அந்தப் பெரிய நிகழ்வில், பாட்டுக்காரர் ட்ராவிஸ் ஸ்காட் உள்ளே புகுந்து உதவ, அப்போது பட்டம் வைத்திருந்த கோடி ரோட்ஸை சீனா வென்றார். ஆகஸ்டில், முறையான விளக்கம் எதுவும் இல்லாமல் அவர் மறுபடியும் நல்லவர் ஆனார். செப்டம்பர் 20 அன்று ப்ராக் லெஸ்னர் அவரைப் பத்து நிமிடம்கூட நீடிக்காத ஆட்டத்தில் புரட்டிப் போட்டார். அந்தத் தோல்வியால் லெஸ்னருக்கு என்ன கூடியது? ஒன்றும் இல்லை, அவர் ஏற்கெனவே மலை. சீனாவுக்கு என்ன மிஞ்சியது? அதுவும் இல்லை. ஒரு புக்கிங்கை நான் எடைபோடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்: தோற்றவர் கையில் என்ன மிஞ்சியது? டிசம்பர் தோல்வியில் சீனாவுக்கு விடைபெறும் கண்ணியம் மிஞ்சியது. காலணியைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். செப்டம்பர் தோல்வியில் நம் காலைத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 666 நாள் இன்டர்காண்டினென்டல் என்ற இரண்டாம் நிலைப் பட்டத்தை விடாமல் வைத்திருந்த குந்தருக்கு இந்த வெற்றி அவசியமா, இன்னும் மேலே வராத ஓர் இளைஞருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு என்னிடம் வலுவான பதில் இல்லை.

ராயபுரத்திலிருந்து ஒரு மூத்த வாசகர்: சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக மூக்குடைபட்டு நிஜக் குத்துச்சண்டை நடந்த ஊர் இது. எழுதி வைத்து ஆடும் பொய்ச் சண்டைக்கு இங்கே பிறந்த நீரே பக்கம் பக்கமாக எழுதுகிறீரே, கூச்சமாக இல்லையா?

ஐயா, கூச்சம் இல்லை, சொல்லப்போனால் உறவுதான் இருக்கிறது. உங்கள் தலைமுறை தலையில் வைத்துக் கொண்டாடிய முகமது அலியையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1980-ல் அவர் சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில், நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சி ஆட்டம் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். காட்சி ஆட்டம் என்றால் பட்டம் கைமாறாத, ஒருவரை ஒருவர் வீழ்த்தும் நோக்கம் இல்லாத ஆட்டம். அது தெரிந்தேதான் கூட்டம் திரண்டது. யாரும் ஏமாந்து போய் உட்கார்ந்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அலியின் புகழ்பெற்ற வாய்ச்சவடால் எங்கிருந்து வந்தது? 1961-ல், அவர் இன்னும் காஷியஸ் கிளேயாக இருந்தபோது, லாஸ் வேகாஸில் கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்தக்காரரைச் சந்தித்தார். சுருட்டி விட்ட பொன்னிற முடியும் பளபளக்கும் அங்கியுமாக வந்து, தன்னைத் தானே புகழ்ந்து, மக்களை வெறுப்பேற்றிக் கல்லாவை நிரப்பியவர் அந்த ஜார்ஜ். இவன் வாயை யாராவது அடைக்க மாட்டார்களா என்று பார்ப்பதற்காகவே ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்ற பாடத்தை அவரிடமிருந்து கற்றதாக அலியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே அலி 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் அன்டோனியோ இனோகி என்ற மல்யுத்தக்காரருடன் பதினைந்து சுற்று மோதினார். இனோகி ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தரையில் மல்லாந்து கிடந்தபடியே அலியின் காலை உதைத்துக் கழித்தார், முடிவு சமன். அந்த ஆட்டத்தைப் பதினைந்து சுற்றும் பொறுமையாகப் பார்க்க முடிந்தவருக்கு நான் ஒரு படி நெத்திலி வாங்கித் தருகிறேன்! 1985-ல் நடந்த முதல் ரெஸில்மேனியாவில் (டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ஆண்டுப் பெருவிழா அது) நடுவர் வேலைக்கு வந்து நின்றவரும் அலிதான். அவரே கூச்சப்படாத இடத்தில் நான் எதற்கு ஐயா கூச்சப்பட வேண்டும்?

முடிவு தெரிந்த சண்டையில் என்ன சுவை என்ற உங்கள் அடுத்த வரிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கும்போதே அவன் கதை முடிந்தது என்று கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தும், பீமன் வேடம் கட்டியவர் அந்தத் தொடைப் பக்கம் வரும்வரை கூட்டம் வெயிலில் நகராமல் நிற்கிறது. முடிவு எழுதப்பட்டதுதான் என்பதை அந்த நிறுவனமே 1989-ல் நியூஜெர்சி மாநில சட்டமன்றத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது, விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியிலிருந்து தப்புவதற்காக. அதற்குப் பிறகு கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நீங்கள் பார்த்ததிலேயே மிக மோசமான முடிவு எது? அண்டர்டேக்கர் லெஸ்னரிடம் தோற்றதுதானே?

மோசமானது என்று சொல்ல மாட்டேன், வீணடிக்கப்பட்டது என்பேன். 1991-ல் ஜிம்மி ஸ்னூகாவில் தொடங்கி, ரெஸில்மேனியா மேடையில் இருபத்தொரு முறை தோல்வியே காணாதவர் அண்டர்டேக்கர். 2014 ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில், தோளில் தூக்கிச் சுழற்றி வீசும் எஃப்-ஃபைவ் அடியை லெஸ்னர் மூன்றாம் முறை போட்டு, அண்டர்டேக்கரின் தோளைத் தரையில் அழுத்த, நடுவரின் கை மூன்றாம் முறை தரையைத் தொட்டபோது (மூன்று எண்ணினால் தோல்வி), எழுபதாயிரம் பேருக்கு மேல் நிறைந்த அரங்கம் சாவு வீடு போல் அடங்கியது. கொஞ்ச நேரம் இசைகூட ஒலிக்கவில்லை. பெரிய திரையில் ‘21–1’ என்று எழுத்து வந்த பிறகுதான் ஜனங்கள் நம்பினார்கள். அந்த மௌனத்தை எந்தக் கதாசிரியராலும் விலைக்கு வாங்க முடியாது, அந்த அளவில் அது மாபெரும் புக்கிங்.

ஆனால், இருபத்து மூன்று ஆண்டுகள் சேர்த்த அந்தச் சொத்து யாரிடம் போனது? வருடத்தில் சில நாள் மட்டும் வந்து போகும் லெஸ்னரிடம். சரி, அவரிடமிருந்து ஓர் இளைஞர் அதைப் பறிப்பார் என்று ஓராண்டு காத்திருந்தோம். 2015 ரெஸில்மேனியாவில் லெஸ்னரும் ரோமன் ரெய்ன்ஸும் மோதிய ஆட்டத்தின் நடுவே செத் ராலின்ஸ் ஓடிவந்து பட்டத்தைத் தட்டிச் சென்றார். அது கொண்டாட்டமான காட்சிதான். ஆனால் அவர் வீழ்த்தியது ரோமன் ரெய்ன்ஸை, லெஸ்னரை அல்ல. லெஸ்னரின் தோளைத் தரையில் அழுத்தி ரோமன் பட்டம் வெல்ல 2018 ஆகஸ்ட் வரை ஆகிவிட்டது. அதற்குள் அண்டர்டேக்கரே 2017 ரெஸில்மேனியாவில் தன் இரண்டாவது தோல்வியை ரோமனிடம் கண்டிருந்தார். வைரத்தை விற்ற காசைச் சில்லறையாக மாற்றிச் செலவழித்தது போல் ஆயிற்று. நியாயமாகப் பார்த்தால் 2014-ல் எதிரே நின்றிருக்க வேண்டியவர் இருபத்தெட்டு முப்பது வயதில் ஒருவர்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: கோடி ரோட்ஸுக்கு 2023-லேயே பட்டத்தைக் கொடுத்திருக்கலாமே? ஓராண்டு இழுத்தடித்தது தேவையா?

அம்மா, அந்த இரவு நானும் ஆத்திரத்தில் தொலைக்காட்சியை அணைத்தேன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ராயல் ரம்பிளை (முப்பது பேர் மோதி, கடைசியில் நிற்பவருக்கு ரெஸில்மேனியாவில் பட்ட ஆட்டம் கிடைக்கும் போட்டி) வென்று, ரெஸில்மேனியாவில் பட்டம் வைத்திருந்த ரோமனை ஏறக்குறைய வீழ்த்திவிட்ட கட்டத்தில், ரோமனின் ஆளான சோலோ சிகோவா உள்ளே வந்து கட்டைவிரலால் கழுத்தில் ஒரு குத்து, கதை முடிந்தது. ஒரு கெட்ட முடிவு என்றுதான் அன்று நினைத்தேன். இன்று என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். மாற்றியது நிறுவனத்தின் சாமர்த்தியம் அல்ல, ஜனங்களின் பிடிவாதம்.

2024 ஜனவரியில் கோடி இரண்டாம் முறையும் ரம்பிளை வென்றார். பிப்ரவரி தொடக்கத்தில் பார்த்தால், ரோமனோடு மோதும் தன் இடத்தை அவரே ராக்கிடம் விட்டுக்கொடுப்பதுபோல் காட்டினார்கள். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டு, தாமதமாக வந்த பெரிய மனிதரை உட்கார வைத்த கதைதான் அது. ஜனங்கள் விடவில்லை, அரங்கம் அரங்கமாகக் கோடியின் பெயரைக் கத்தினார்கள், ஒரே வாரத்தில் முடிவு தலைகீழாக மாறியது. அதுமட்டும் அல்ல, மக்களின் அந்தக் கோபத்தையே எடுத்து ராக்கை வில்லனாக்கிக் கதைக்குள் ஊற்றிவிட்டார்கள். ஏப்ரல் 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் முதல் நாள் ஆட்டத்தில் கோடி தோற்றார். அதனால் மறுநாள் ஆட்டத்தில் ரோமன் தரப்பினர் யார் வேண்டுமானாலும் தலையிடலாம் என்றாயிற்று. மறுநாள் சீனா வந்தார், இருட்டுக்குள்ளிருந்து அண்டர்டேக்கர் வந்தார், கடைசியில் 1,316 நாள் நீடித்த ரோமனின் ஆட்சி முடிந்தது. 2023-ல் கொடுத்திருந்தால் அது ஒரு பட்டம் மட்டும். 2024-ல் அது ஒரு தீர்ப்பு.

அந்தக் குடும்பத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தியது. கோடியின் தந்தை டஸ்டி ரோட்ஸ் குழாய் வேலை பார்த்தவரின் மகனாகத் தன்னை மேடையில் சொல்லிக்கொண்ட, உழைப்பாளி வேடத்தில் வென்ற நாயகர். இந்த நிறுவனத்தின் பெரிய பட்டம் அவர் கைக்கு வரவே இல்லை. அவர் புக்கிங் செய்வதிலும் மன்னர். நாயகன் வென்றதாக மணியடித்து, ஜனங்கள் துள்ளி முடிந்த பிறகு, ஏதோ ஒரு விதியைக் காட்டி வெற்றியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் முடிவுக்கு இன்றும் ‘டஸ்டி ஃபினிஷ்’ என்றுதான் பெயர். அடுத்தவர் வாய்க்கு எட்டியதைத் தட்டிவிடுவதில் பேர்போன அப்பாவின் மகனுக்கு முதல் ஆண்டில் அதுவே நேர்ந்தது எனக்குச் சற்று வேடிக்கையாகவும் இருந்தது.

மாதவரத்திலிருந்து ஒரு வாசகர்: ஜிந்தர் மஹால் பட்டம் வென்றபோது ஓர் இந்தியனாகப் பெருமைப்பட்டேன். உங்களுக்கு ஏன் அவரைப் பிடிக்கவில்லை?

அவரை எனக்குப் பிடிக்கும். அவருக்கு எழுதப்பட்ட கதையைத்தான் பிடிக்கவில்லை. அவர் கனடாவின் கால்கரியில் பிறந்தவர். வாரா வாரம் எல்லோரிடமும் தோற்றுக்கொண்டிருந்தவரை, சில வாரங்களில் தூக்கி நிறுத்தி, 2017 மே 21 அன்று ரேண்டி ஆர்ட்டனை வெல்ல வைத்தார்கள். சரக்கு சந்தைக்குப் போகும் முன் அதைப் பழுக்க வைக்க வேண்டாமா? நம் சந்தையைக் குறிவைத்த பட்டம் அது என்பது தெரிந்ததே. ஆனால் அவர் மேடையில் நின்று பஞ்சாபியில் முழங்கியபோது, அருகே உட்கார்ந்திருந்த என் அத்தை “இவன் எந்த ஊர்க்காரன், என்ன சொல்றான்?” என்று கேட்டார். தண்டையார்பேட்டைக்கு அதுவும் இங்கிலீஷ் போலத்தான் ஒலித்தது.

வேதனையான பகுதி கடைசியில் இருக்கிறது. இந்தியச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு மாதமே இருக்கும்போது, நவம்பரில் மான்செஸ்டரில் பட்டத்தை ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் இழந்தார். டிசம்பர் 9 அன்று டெல்லியில், அவருக்காகவே திரண்ட கூட்டத்தின் முன், நிறுவனத்தின் அன்றைய முதலாளி வீட்டு மருமகனான ட்ரிபிள் ஹெச்சிடம் தோற்றார். பிறகு இருவரும் பாங்க்ரா ஆடினார்கள். என் கேள்வியை இங்கேயும் போட்டுப் பாருங்கள்: தோற்றவர் கையில் என்ன மிஞ்சியது? ஒரு ஆட்டம், அதுவும் பாங்க்ரா ஆட்டம்! கிரேட் காளிக்கு 2007-ல் பட்டம் கிடைத்ததும் எட்ஜ் காயத்தால் விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான். இரண்டு மாதத்தில் பறிபோனது. ஆனால் அவரை ஒரு மலையாகக் காட்ட வேண்டும் என்பதிலாவது தெளிவாக இருந்தார்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி: பெண்கள் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதுவதில்லை. நாங்கள் பார்க்கவில்லை என்று நினைப்பா?

குற்றச்சாட்டை ஏற்கிறேன். அந்த நிறுவனமே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. 2015 பிப்ரவரியில் ஒரு பெண்கள் ஆட்டத்தை அரை நிமிடத்தில் முடித்து அனுப்ப, ரசிகர்கள் பொங்கியெழுந்த பிறகுதான் விழித்தார்கள். அதே ஆகஸ்டில் புரூக்ளினில் பெய்லியும் சாஷா பேங்க்ஸும் ஆடிய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். சாஷா, பெய்லியின் கையை மிதித்து நசுக்குவதும், விரல் வலித்தாலும் பெய்லி விட்டுக்கொடுக்காததுமாக, சிறிய விஷயங்களால் கட்டிய ஆட்டம் அது. 2019 ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டமாகப் பெண்கள் ஆட்டம் முதன்முறையாக நடந்ததைவிட எனக்கு இதுதான் உயர்வு. அந்தப் பெரிய இரவில் பெக்கி லிஞ்ச் வென்ற கணத்தில் நடுவர் எண்ணும்போதே ரோண்டா ரௌசியின் தோள் தரையைவிட்டு எழுந்துவிட்டது என்பது எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. நம் நாட்டுப் பெண் என்றால் ஹரியானாவின் கவிதா தேவி. 2017-ல் சல்வார் கமீஸ் அணிந்து அந்த மேடையில் இறங்கினார். தோற்றார், ஆனால் அந்த உடை எல்லோர் நினைவிலும் நின்றுவிட்டது. இனி ஒவ்வோர் இதழிலும் பெண்கள் ஆட்டத்துக்கு இடம் உண்டு.

புளியந்தோப்பிலிருந்து ஒரு தாய்: என் பத்து வயது மகன் தங்கையைக் கட்டிலில் தலைகீழாகப் போடுகிறான். கேட்டால் ‘டூம்ஸ்டோன்’ என்கிறான். என்ன செய்வது?

உடனே நிறுத்துங்கள், இதில் விவாதமே வேண்டாம். 1997 ஆகஸ்டில், பரம்பரை மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்து பயின்ற ஓவன் ஹார்ட் இதே வகை அடியைச் சில அங்குலம் தவறிப் போட்டதில், ஸ்டோன் கோல்டு ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து காயப்பட்டுச் சிறிது நேரம் கைகால் அசைக்க முடியாமல் கிடந்தார். அவருடைய ஆட்டக் காலத்தைச் சுருக்கியதே அந்தக் காயம்தான். இந்த நிகழ்ச்சியை மகனுக்கு அவனுடைய நாயகர்களின் பெயரைச் சொல்லியே விளக்குங்கள், உங்கள் அதட்டலைவிட அது வேலை செய்யும். துடிப்பை அடக்க வேண்டாம், பக்கத்தில் நல்ல குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் இருந்தால் அங்கே சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கயிறு தாண்டினால் தங்கை பிழைப்பாள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர்: அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று பள்ளியில் சொன்னார்களே, அது எப்படிப் பரவியது?

எங்கள் தெருவில் ஒன்பது உயிர் என்று சொன்னார்கள். உங்கள் பக்கம் கொஞ்சம் சிக்கனம் போலிருக்கிறது. அவரை உயிரோடு புதைப்பதும், சில மாதம் கழித்து மணியோசையோடு அவர் எழுந்து வருவதும் கதையில் திரும்பத் திரும்ப வந்தன. 2003 நவம்பரில், கதையில் அவருடைய தம்பியான கேன் எதிரிக்கு உதவியதால் மண்ணுக்குள் போனவர் 2004 ரெஸில்மேனியாவில் பழைய கறுப்புத் தொப்பியோடு திரும்பினார். இடையில் என்ன நடந்தது என்று தெரியாத பிள்ளைகளுக்கு, எண்ணிக்கை வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அதற்குக் கூடுதல் சான்றாக நம்மிடம் ட்ரம்ப் கார்டு இருந்தது. பெட்டிக்கடையில் வாங்கிய அந்தச் சீட்டுக்கட்டில், உயரம், எடை, மார்பு, கைத்தசை, ஆடிய ஆட்டம், வென்ற ஆட்டம் என்று வரிசையாக எண்கள் இருக்கும். என்னிடம் இருந்த அண்டர்டேக்கர் சீட்டின் ஒரு மூலை கிழிந்து, உள்ளே இருந்த பழுப்பு அட்டை வெளியே தெரியும். அதனால் என் கையில் அந்தச் சீட்டு இருப்பது எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு முதுகுப்புறத்திலிருந்தே தெரிந்துவிடும். அவன் உடனே எடையை விட்டுவிட்டு வேறு எதையாவது கேட்பான். அந்த மூலையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். இரவில் எறும்பு வந்து பருக்கையோடு இன்னும் கொஞ்சம் அட்டையையும் கொண்டுபோயிற்று.